கூடு துலக்கியார்

சுடும் திடலில் எல்லோரும் குறிப்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க, தரையையே பார்த்துக்கொண்டிருப்பவர் கூடு துலக்கியார். சுட்டது எங்கே பட்டது என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். காலித் தோட்டாக் கூடு எங்கே போய் விழுந்தது என்பதுதான் முக்கியம். பக்கத்துக்காரர் விட்டுப்போனதையும் குனிந்து குனிந்து பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார். கேட்டால் சிக்கனம் என்பார். டெக்சாஸிலும் ஒஹாயோவிலும் கார் ஷெட்டைப் பட்டறையாக்கி, சுட்ட கூட்டுக்கே மறுபடி வெடிமருந்து ஏற்றிக்கொள்ளும் இந்த வர்க்கத்தார் அத்தனை பேருக்கும் அதுதான் தாரக மந்திரம். கூடு அழுக்காக வேண்டுமே என்பதற்காகத்தான் அவர் சுடவே போகிறார் என்பது என் கட்சி.

சிக்கனக் கணக்கு பொய் என்று சொல்லவில்லை. தோட்டாவில் உள்ளவை நாலே நாலு: பித்தளைக் கூடு, அடியில் பற்றவைக்கும் பிரைமர், மருந்து, முன்னால் பாயும் குண்டு. மூன்று ஒரே வெடியில் போய்விடும். கூடு மட்டும் கையில் நிற்கும். பெரும்பாலும் விலை கூடியதும் அதுதான். அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் மிச்சம்தானே? மிச்சம்தான், காகிதத்தில். ஆனால் கூட்டைத் தோட்டாவாக்கும் கைப்பிடி இயந்திரமான பிரஸ், ஒரு இழுப்புக்கு ஒரே வேலை செய்கிறது போதாமல், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டாவை உதிர்க்கும் பிரஸ் வரும். அது எந்தக் கம்பெனியுடையது, டில்லன் நீலமா, லீ சிவப்பா, ஆர்.சி.பி.எஸ். பச்சையா என்று வாரக்கணக்கில் பட்டிமன்றம் நடக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ‘அதனால்தான் நிறையச் சுட்டுக் கணக்கை நேர் செய்கிறேன்’ என்பார். நிறையச் சுட்டால் நிறையக் கூடு அழுக்காகும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

துலக்குகிற படலத்துக்கு வருவோம். முதலில் அதிர்வுத் தொட்டி: வால்நட் ஓட்டுத் தூளையோ மக்காச்சோளச் சக்கைத் தூளையோ கொட்டி, கூடுகளைப் போட்டு மூடினால் மணிக்கணக்கில் உறுமும். வெளிப்புறம் மின்னும். ஆனால் பிரைமர் உட்காரும் குழியில் கொஞ்சம் கறுப்பு தெரியும். அது அவர் தூக்கத்தைக் கெடுத்துவிடும். உடனே உருளும் பீப்பாய் வரும்: தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், கைநிறைய எவர்சில்வர் ஊசிகள். இப்போது உள்ளும் புறமும் பொன். ஊசிகளைப் பிரிக்கக் காந்தம், ஈரம் போக்கப் பழம் காயவைக்கும் பெட்டி, நிறம் மங்காதிருக்கப் பாலிஷ் கலந்த சக்கைத் தூளில் இன்னொரு சுற்று. முடிவில் ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவின் கூட்டை, உயரம் வெறும் 19 மில்லிமீட்டர், விளக்கருகே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அடியிலுள்ள சிறு துளையில் ஒரு பொடி சிக்கியிருக்கும். பல்குச்சியால் குத்தி எடுப்பார். அடுத்த கூடு. நம் வீடுகளில் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குவதும் இதே வேதியியல்தான். படிந்த கறையை அமிலம் கரைக்கிறது. ஆனால் குடத்தை நாலு பேர் பார்ப்பார்கள். இந்தக் கூடோ துப்பாக்கிக்குள் இருட்டில் போய், அரை நொடியில் கரி பூசிக்கொண்டு வெளியே வரும்.

‘மண்ணோடு ஏற்றினால் பிரஸில் கூட்டை வடிவாக்கும் அச்சு கீறிப்போகும், விரிசலும் கண்ணுக்குத் தெரியாது’ என்று அவர் மறுப்பார். நியாயம். ஆனால் மண் போவதற்கு முதல் சுற்றே போதும், மற்றதெல்லாம் அழகுக்கு. அழகும் அளவு மீறினால் ஆபத்துதான்: அமோனியா கலந்த பாலிஷ் பித்தளைக்கு ஆகாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. சாணமும் மூத்திரமும் விட்ட அமோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. அவருக்கு இது தெரியும். அந்தப் பாலிஷைத் தொடவும் மாட்டார். ஒரு கூட்டில் மருந்து இரண்டு தடவை விழுந்தால் துப்பாக்கியே சிதறக்கூடிய வேலை இது. ஒவ்வொரு கூட்டையும் கண்ணில் வைத்துப் பார்க்கிற ஆள்தான் இதற்கு லாயக்கு. அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

கும்பிட்ட கையோடு ஒரு புகார். பிரைமர்களில் பெரும்பாலானவற்றில் இன்றும் ஈயச் சேர்மம் இருக்கிறது. வெடித்தபின் அது கூட்டில் படிகிறது. தொட்டியின் தூசியிலும் பீப்பாயின் கறுப்புத் தண்ணீரிலும் இறங்குகிறது. மருந்தை ஒரு பவுண்டில் 7,000இல் ஒரு பங்கான கிரெயினில், அதிலும் பத்தில் ஒரு பங்குவரை நிறுக்கிற மனிதர், இந்தத் தூசியை மட்டும் நிறுப்பதில்லை. தொட்டியை வீட்டுக்குள் திறக்கிறார். சமையலறைச் சல்லடையில் சலிக்கிறார். ஆப்பிள் காயவைத்த தட்டிலேயே கூட்டையும் காயவைக்கிறார். ‘கையைத்தான் கழுவிவிடுகிறேனே’ என்கிறார். கழுவிய கை அவருடையது. தரையில் தவழ்கிற குழந்தை அவர் கையை மட்டுமா தொடுகிறது? இந்த அளவு ஈயம் குழந்தைகளுக்குப் பரவாயில்லை என்று மருத்துவம் எந்த அளவையும் சொல்லவில்லை. நாலாவது பிரஸ் நீலமா பச்சையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன், தனியாக ஒரு சல்லடை வாங்கித் தொட்டியைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைக்கட்டும். அவர் இதுவரை வாங்கிய சாமான்களிலேயே மலிவானது அந்தச் சல்லடையாகத்தான் இருக்கும். சிக்கனக்காரருக்கு வேறென்ன வேண்டும்?