மூடி போடாதீர்கள்!

கே: சர்க்கரை பார்க்க விரலில் குத்துகிற சின்ன ஊசிதானே, இதற்கெல்லாமா பயப்படுவது?
(தன்னார்வலர், செவிலிமேடு)

ப: ஊசி சின்னதுதான், ஹெபடைடிஸ் பி வைரஸ் அதைவிடச் சின்னது. காய்ந்த ரத்தத்திலும் 7 நாள் வரை தாக்குப்பிடிக்கும். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்தபின் ஆஸ்பத்திரி வீட்டுக்கே வருகிறது. அதன் ஆபத்தும் கூடவே வருகிறது. ஒரு லான்செட் (விரலில் குத்தும் அந்தச் சின்ன ஊசி), ஒரே ஆள், ஒரே தடவை.

கே: எச்.ஐ.வி.தானே பெரிய ஆபத்து?
(ஹோம் நர்ஸ், காஞ்சிபுரம்)

ப: பயத்தின் வரிசை வேறு, ஆபத்தின் வரிசை வேறு. தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி உங்களைக் குத்தினால் எச்.ஐ.வி. வர வாய்ப்பு ஆயிரத்தில் 3. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வர வாய்ப்பு நூறில் 6 முதல் 30 வரை! இத்தனைக்கும் 6 மாதத்தில் 3 தவணை போட்டால் தீர்ந்தது. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது, மாத்திரையில் குணமாகும்.

கே: அப்பா தறியில் உட்கார்ந்தபடியே இன்சுலின் போடச் சொல்வார். போட்டதும் மூடி போட்டுக் குப்பையில் போடுகிறேன். சரிதானே?
(நெசவாளர் மகள், செவிலிமேடு)

ப: அந்த மூடிதான் வில்லன். ஒரு கையில் ஊசி, மறு கையில் மூடி, கண் மட்டும் சீரியலில்! திரும்ப மூடாமல் அப்படியே கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் டப்பாவை இறுக மூடி சுகாதார நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள். கேரி பேக்கில் கட்டி வீசினால் அடுத்த குத்து தூய்மைப் பணியாளருக்கு.

கே: குத்திவிட்டால் ரத்தத்தைப் பிழிந்து எடுக்கலாமா?
(வாசகர், ஓரிக்கை)

ப: விரல் என்ன கரும்பா? பிழியவும் வேண்டாம், வாயில் வைக்கவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் உத்தமம். 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை. தொடர்ந்து 28 நாள் சாப்பிட வேண்டும். ‘கருட சேவை பார்த்துவிட்டுப் போகலாம்’ என்றால் பெருமாள் காத்திருப்பார், வைரஸ் காத்திருக்காது. சந்தேகமா? 1097, இலவச எண்.

கே: கையுறை கேட்டால் ஏஜென்சிக்காரர் முறைக்கிறாரே?
(ஹோம் நர்ஸ், வாலாஜாபாத்)

ப: முறைக்கட்டும். ரத்தம் படும் வேலை தருபவர் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும் தரவேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம். நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

கே: கையுறை போட்டால் பாட்டி, ‘என்னைத் தொட அருவருப்பா?’ என்கிறார். நோய் இருக்கும் வீட்டில் மட்டும் போடலாமா?
(தன்னார்வலர், செவிலிமேடு)

ப: எந்த வீட்டில் நோய் என்று வாசலில் எழுதியா வைத்திருக்கிறார்கள்? எல்லா வீட்டிலும் போடுங்கள். ‘என் கைக்கிருமி உங்களுக்கு ஒட்டக்கூடாது பாட்டி’ என்று சொல்லிப் பாருங்கள், அதுவும் உண்மைதான். அடுத்த வாரம் ‘கையுறை எங்கேடி?’ என்று அவரே அதட்டுவார்.