சி லேப் சிகாமணி

முதலாண்டு பொறியியல் வகுப்பில் இவர் இல்லாத சி லேப் கிடையாது. ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் சிஸ்டம் இவருக்குத்தான். ரெக்கார்டு நோட்டு இவருடையது. பேனா பக்கத்து சீட்டுக்காரருடையது.

அன்றைய பயிற்சி, பெயரை வாங்கித் திருப்பி அச்சிடுவது. பெயருக்குப் பத்து இடம் ஒதுக்கினார். ஏன் பத்து? கேட்கக்கூடாது. ஸ்கேன்எஃப் போட்டு, ‘எஸ். பாலசுப்ரமணியம்’ என்று ஆங்கிலத்தில் தட்டினார். திரையில் ‘எஸ்.’ மட்டும் வந்து நின்றது. இடைவெளியைக் கண்டதும் ஸ்கேன்எஃப் அத்தோடு முடித்துக்கொள்ளும். இனிஷியலை முன்னால் போடும் ஊருக்காகச் செய்யப்பட்டதல்ல அது. சிகாமணி சளைக்கவில்லை. அப்பாவின் இனிஷியலை வெட்டி எறிந்தார்.

இப்போது 15 எழுத்து, கடைசியில் முடிவைக் காட்டும் பூஜ்யம் ஒன்று, ஆக 16 பைட் போய் 10 பைட்டில் உட்கார்ந்தது. ‘ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்’ என்று அலறிவிட்டுச் செத்தது புரோகிராம்.

“சார், என் லேப்டாப்ல ஓடுச்சு சார்!”

ஓடியிருக்கும். அதில் இருப்பது டர்போ சி. பக்கத்து வேரியபிளின் தலையில் எழுதினாலும் ஏனென்று கேட்காத டாஸ் காலத்துப் புண்ணியவான்.

யாரோ ஒரு சீனியர் ‘கெட்ஸ் போடுடா, இனிஷியலும் வரும்’ என்றார். வந்தது. கூடவே, இந்த ஃபங்ஷன் ஆபத்தானது, பயன்படுத்தாதே என்று ஒரு எச்சரிக்கையும் வந்தது. “வார்னிங்தான மச்சி, எரர் இல்லையே!” 1988-ல் மோரிஸ் வார்ம் இணையத்துக்குள் பரவிய வழிகளில் ஒன்று இதே கெட்ஸ்தான்: 512 பைட் இடத்தில் 536 பைட்டைத் திணித்தது அந்த வார்ம். 2011-ன் சி தரம் அதை நீக்கியேவிட்டது. சிகாமணியின் ஜெராக்ஸ் நோட்ஸில் மட்டும் இன்னும் சௌக்கியமாக இருக்கிறது.

அடுத்த வாரம் மேலாக், அதாவது மெமரி கேட்டு வாங்குவது. எண்ணி 15 பைட் கேட்டார். பூஜ்யத்துக்கு ஒன்று சேர்க்கவில்லை. ஆனாலும் ஓடியது! 64 பிட் லினக்ஸில் 15 கேட்டால் உள்ளே 24 பைட் புழங்கக் கிடைக்கும். ஆக, சரியாக 24 எழுத்துப் பெயரோடு ஒருவர் வந்து சேரும்வரை சிகாமணி எழுதியது சரிதான் என்று அவரும் நம்புவார், லேப் அசிஸ்டென்ட்டும் நம்புவார்.

வாங்கிய மெமரியை ஃப்ரீ செய்கிற வழக்கம் மட்டும் அவரிடம் இல்லை. லூப்புக்குள் ஆயிரம் முறை மேலாக் இருக்கும். ஃப்ரீ ஒன்றுகூட இருக்காது.

வைவாவில் எக்ஸ்டர்னல் அதைப் பிடித்தார். “இவ்ளோ வாங்கியிருக்கியே தம்பி, யார் திருப்பிக் குடுக்கறது?”

“புரோகிராம் முடிஞ்சதும் ஓ.எஸ். தானா எடுத்துக்கும் சார்.”

எக்ஸ்டர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் உண்மை. மார்க் போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.