காகம் கரைதலும் விருந்தினர் வருகையும்: ஓர் ஆராய்ச்சி

காகம் கரைந்தால் விருந்தினர் வருவர் என்பது நம் பாட்டிமார் மட்டும் கொண்ட நம்பிக்கையன்று. குறுந்தொகையில் அதைப் பாடியதனாலேயே ஒரு புலவர் காக்கைபாடினியார் என்று பெயர் பெற்றார். இத்துணைப் பழமை வாய்ந்த சித்தாந்தத்தைக் கணிதத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது கடமையெனக் கருதி, அடியேன் நூறு நாள்கள் கொல்லை முருங்கையையும் வாசல் திண்ணையையும் மாறி மாறி நோக்கி, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறிப்பெடுத்து வந்தேன். மூன்று நாள் தங்கிய மைத்துனரை எத்தனை வருகையாகக் கொள்வது என்ற தர்மசங்கடம் எழுந்தபோது, வந்து இறங்கிய நாளை மட்டுமே கணக்கில் சேர்த்தேன். (உண்ட கணக்கு வேறு.)

காகம் கரைந்த நாள்கள் 60. அவற்றுள் விருந்தினர் வந்தவை 24. கரையாத நாள்கள் 40, வந்தவை 6. இவ்விரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையெனில், விருந்தினர் வந்த 30 நாள்களும் அதே விகிதத்தில் 18, 12 எனப் பிரிந்திருக்க வேண்டும். வந்தவை, வராதவை ஆகிய நான்கு கட்டங்களிலும் கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் வித்தியாசம் 6. அதன் வர்க்கத்தை அந்தந்தக் கட்டத்தின் எதிர்பார்ப்பால் வகுத்துக் கூட்ட, கை-வர்க்கம் (chi-square) என்னும் சோதனைத் தொகை 7.14 என்று வந்தது.

இங்கேதான் வழக்கு சுவாரசியமடைகிறது. 1900இல் இச்சோதனையை வகுத்த கார்ல் பியர்சன், நான்கு கட்டங்களில் மூன்று சுயேச்சையானவை என்று கொண்டவர். அவர் கணக்குப்படி, தற்செயலாய் நூற்றுக்கு ஐந்து முறையே நேரும் என்னும் அளவில், தொகை 7.81ஐத் தாண்டினாலன்றிச் சம்பந்தம் ஸ்தாபிதமாகாது. ஆகவே நம் காகம் வெறும் வாயாடி. ஆனால் ரொனால்டு ஃபிஷரோ, ஓரக் கூட்டல்கள் நிலைத்துவிட்டபின் ஒரு கட்டம் நிரம்பினால் மற்ற மூன்றும் தாமே நிரம்பிவிடுமாகையால் சுயேச்சை ஒன்றற்கே என்று 1922இல் நிரூபித்தார். அப்போது எல்லை 3.84, காகம் தீர்க்கதரிசி! பியர்சன் இதை ஒப்பவில்லை எனினும், கணித உலகம் ஃபிஷர் பக்கமே சாய்ந்தது, நானும் சாய்ந்தேன்.

இந்த முடிவை நான் கம்பீரமாக வாசித்துக்கொண்டிருக்கையில், அடுக்களையிலிருந்து ஓர் ஆட்சேபம் எழுந்தது.

“வரேன்னு கார்டு வந்தா நான் உளுந்து ஊறப்போடறேன். வடை வாசனைக்குக் காக்கா வந்து கத்தறது. இதுக்கு நூறு நாளா?”

சம்பந்தம் உண்டென்று மட்டுமே சொல்லி, எதனால் எது நேர்ந்தது என்பதில் கை-வர்க்கம் மௌனம் சாதிப்பதால் எனக்கும் மறுமொழி கிடைக்கவில்லை. ஃபிஷரே காட்டிய நெறிப்படி, விருந்தினரைப் பொருட்படுத்தாது, வடை சுடும் நாள்களைத் திருவுளச்சீட்டுப் போட்டுத் தேர்ந்து இன்னொரு நூறு நாள் பரிசோதிக்க விண்ணப்பித்திருக்கிறேன். உளுந்து விலையை உத்தேசித்து அது நிலுவையில் இருக்கிறது.