ஏலகிரி ஏறப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

மலையேறுவதென்று முடிவானதும் முதல் வேலை, ஷூ வாங்குவது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று வெளிநாட்டுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் ஊர்கள் நம்மைச் சுற்றி இருந்தாலும், ஆன்லைனில் வரவழைப்பதுதான் கௌரவம். பெட்டியை வீட்டில் பிரித்துவிடாதீர்கள். அடிவாரத்தில் முதன்முதலாகப் போட்டால்தான் பாதி வழியில் குதிகால் கொப்புளம் உடையும். திங்கட்கிழமை ஆபீசில் நொண்டுவதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

காலை ஐந்துக்குக் கிளம்பத் திட்டமிட்டு, பத்துக்குக் கிளம்புங்கள். நம் ஊரான அணைக்கட்டிலிருந்து பள்ளிகொண்டா வழியாக ஆம்பூர் போய்ச் சேரவும், கடையில் தம் உடைக்கவும் சரியாக இருக்கும். சீரகச் சம்பா பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். இன்னொரு கரண்டி கத்திரிக்காய் கேட்க வெட்கப்படக் கூடாது. மலை எங்கும் ஓடிவிடாது.

பொன்னேரியில் மலைப்பாதை தொடங்கும். 14 கொண்டை ஊசி வளைவுகள், அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். எந்தப் புலவரிடம் வாந்தி வந்தது என்று துல்லியமாகச் சொல்லலாம். பிரியாணி சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் கம்பரைத் தாண்டுவதில்லை.

மேலே போனதும் மனித வாடையே இல்லாத ஏரி ஒன்றைத் தேடுவீர்கள். இருப்பது புங்கனூர் ஏரி. பெடல் படகு, டிக்கெட் வரிசை, மிளகாய்த்தூள் தடவிய மாங்காய். படகுத்துறை விழாமல் குனிந்து படம் எடுத்தால் கனடா என்று நம்பவைக்கலாம்.

அடுத்தது, அங்கிருந்து நடந்தே ஏற வேண்டிய சுவாமிமலை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ பலரைக் கொன்ற பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளை இணையப் பதிவோடு அரசு திறந்தது. அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு போங்கள். இந்த ஒரு யோசனை மட்டும் கேலி இல்லை.

ஏறும்போது தலையில் விறகுக்கட்டோடு ஒரு பாட்டி எதிரே இறங்குவார். “இன்னும் எவ்ளோ தூரம் பாட்டி?” என்றால், “தோ, கிட்டத்தான் கண்ணு” என்பார். நம்பாதீர்கள். அவர் காலில் கிடக்கும், வார் அறுந்து ஊக்கு குத்திய ஹவாய் செருப்பையும் பார்க்காதீர்கள். பத்தாயிரம் ரூபாய் ஷூவுக்குள் கொப்புளம் கூடுதலாக வலிக்கும்.

பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். அதற்கும் மேலே வேண்டுமென்றால் நம் அணைக்கட்டின் அல்லேரி மலை இருக்கிறது. 2023 மே மாதம் அங்கே ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்புகையில், மேலே ரோடு இல்லையென்று ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட, தாய் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். அந்தப் பக்கம் யாரும் டிரெக்கிங் போவதில்லை. ரேஷனுக்குப் போகிறார்கள், பிரசவத்துக்குப் போகிறார்கள். வழியில் பார்த்தால் வியூ பாயின்ட் எங்கே என்று மட்டும் கேட்டு வைக்காதீர்கள்.