உளி மட்டும் கனக்கும்

எங்கள் ஜில்லாவில் பெண்ணுக்கு மரியாதை இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. ஜில்லாவின் பெயரே ஒரு பெண்ணின் பெயர். கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசி மணலாகிப் போக, கையில் மாலையோடு கடலைப் பார்த்து இன்னும் நின்றுகொண்டிருக்கிறாளே, அந்தக் கன்னியாகுமரியின் பெயர். சுசீந்திரத்தில் பிள்ளையாரையே பெண்ணாக்கி, விக்னேஸ்வரி என்று தூணில் உட்கார வைத்திருக்கிறோம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள். தூணுக்கு ஒரு பெண், கையில் விளக்கு. சம்பளம் கிடையாது, பென்ஷன் கிடையாது, காலை மாற்றி வைக்கவும் அனுமதி கிடையாது. கல்லாக இருக்கிறவரைக்கும் எந்தப் பெண்ணையும் நாங்கள் கைவிட்டதில்லை.

உயிர் இருந்தால்தான் சங்கடம். விளக்குப் பாவையின் மார்பில் புரளும் ஆரத்துக்கு மணி மணியாக உளி வைத்த இந்த மண்ணில்தான், தோளில் ஒரு முழத் துணி போட்டுக்கொள்வதற்காக நாடார் பெண்கள் அரை நூற்றாண்டு அடி வாங்கினார்கள். சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் உத்திரம் திருநாள் மகாராஜா மனமிரங்கிக் கொடுத்த விளம்பரத்திலும் ஒரு கொக்கி வைத்திருந்தார்: மறைத்துக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. அந்தப் பெண்களின் பேத்திகள் கோயிலுக்குள் போய் விளக்குப் பாவையைப் பார்க்க 1936 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாவைக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

சிற்ப சாஸ்திரம் மலையைக்கூட விட்டுவைக்கவில்லை. தட்டினால் மணிபோல் ஒலிப்பது ஆண் கல். அதில் சுவாமி வருவார். பெண் கல்லில் அம்மன் வருவாள். இல்லையென்றால் சுவாமி நிற்பதற்குப் பீடமாகும். ஓசையே எழாதது அஸ்திவாரத்துக்கு. குடும்பத் தலைவர் யார், யார்மேல் யார் நிற்பது என்று பாறையைப் பிளக்கும்போதே ரேஷன் கார்டு எழுதிவிடுகிறார்கள்.

இந்த ரேஷன் கார்டோடு மல்லுக்கட்டியவர் சிற்பி கனகா மூர்த்தி. நம்மூர்க்காரர் இல்லை. கர்நாடகத்தில் காவிரியும் கபினியும் கூடுகிற திருமகூடலு நரசிபுரத்தில் 1942-ல் பிறந்தவர். தண்ணீர் வராதபோது மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிற நமக்கு அவரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. பெங்களூருவில் ஓவியம் படிக்கப் போன இடத்தில் கல்லின்மேல் ஆசை வந்துவிட்டது. சிற்பிகள் வீட்டில் பிறந்தவர் இல்லை, போதாக்குறைக்குப் பெண். அவரைச் சிஷ்யையாக ஏற்றுக்கொண்டவர் தேவலகுந்த வாதிராஜ் என்ற சிற்பி. வாதிராஜை வணங்குகிறேன். ஆனாலும் யோசித்தால் வயிறு எரிகிறது. ஒரு பெண்ணின் ஆயுள்காலக் கலை, ஏதோ ஒரு ஆண்பிள்ளைக்கு ஒருநாள் நல்ல புத்தி தோன்றுவதில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் ஒரு தலையாட்டலில் மறுத்திருந்தால்? அப்படி மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை எந்த அகாதெமியும் வைத்துக்கொள்வதில்லை.

கனகா கல்லில் ஹொய்சால மரபுப்படி தெய்வங்களைச் செய்தார். பீம்சேன் ஜோஷி, கங்குபாய் ஹங்கல் போன்ற இசைக்காரர்களின் முகங்களைச் செய்தார். கோயிலுக்குள் நுழையவே மாதத்தில் மூன்று நாள் தடை சொல்கிற ஊர்களில், ஒரு பெண்ணின் கையால் செதுக்கப்பட்ட சாமிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். சாமி ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் நம்மைவிடக் கொஞ்சம் விவரமானவர்.

பிறகு கர்நாடக அரசு ஜகணாசாரி விருது கொடுத்தது. அதைப் பெற்ற முதல் பெண் என்று எல்லோரும் கைதட்டினார்கள். யார் இந்த ஜகணாசாரி? பேலூர் கோயிலைக் கட்டியவன் என்று கன்னட நாட்டுக் கதை சொல்கிறது. கலைப்பித்தில் கர்ப்பிணி மனைவியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனவன். பின்னால் மகன் தேடி வந்து, அப்பன் செதுக்கிய கல்லில் குறை கண்டுபிடிக்கிறான். அப்பனும் மகனும் சேர்ந்து அமரர்களாகிறார்கள். நடுவில் பிள்ளையைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவளுக்குக் கதையிலும் இடமில்லை, விருதிலும் இடமில்லை. விட்டுவிட்டுப் போனவன் பெயரில்தான் நம் பெண்ணுக்குப் பொன்னாடை. அரசாங்கங்களுக்கு நகைச்சுவை வராது என்று யார் சொன்னது?

2021 மே 13-ல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. உடனே 'முதல்', 'முன்னோடி', 'சாதனைப் பெண்மணி' என்று அஞ்சலிகள். முதல் பெண் என்று சொல்லும்போது நமக்கு ஏன் இவ்வளவு பெருமிதம்? ஆயிரம் வருஷத்துச் சிற்ப மரபில் இப்போதுதான் முதல் என்றால், அதுவரை கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தது யார்? பூட்டியவனே மேடையேறித் திறப்பு விழா நடத்துகிறான். நாமும் முதல் வரிசையில் உட்கார்ந்து போண்டா தின்கிறோம்.

சரி, எங்கள் நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். 133 அடி வள்ளுவரைக் கடலில் நிறுத்தினோம், 2000 ஜனவரி 1-ல். அவருக்கும் விவேகானந்தருக்கும் நடுவில் 37 கோடி ரூபாயில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் போட்டோம். மயிலாடி ஊர்ச் சிற்பிகளின் கல் வேலைக்குப் புவிசார் குறியீடும் வந்தாயிற்று. இனி கல்லுக்கும் ஊர் உண்டு, உரிமை உண்டு. பெண்பிள்ளைக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். "அது நல்ல கனத்த சோலியில்லா வே! பொம்பளையளால ஏலுமா?" என்பார் அண்ணாச்சி. அந்நேரம் எதிரே ரோட்டு வேலைக்கு ஜல்லி சுமந்து போவது பொம்பளைதான். அவள் தலையில் கல் கனக்காது. கூலிக்குச் சுமந்தால் பஞ்சு. உளி பிடித்துப் பெயரெடுக்கப் போனால் மட்டும் உலகத்துக் கனமெல்லாம் அதில் வந்து ஏறிக்கொள்ளும்.

அண்ணாச்சி விடமாட்டார். "தமிழ்நாட்டுக் கோயில்ல ஆம்பளைச் சிற்பி பேரும்தான் அதிகமா இல்ல, அதுக்கு என்ன சொல்லுதீரு?" நியாயம்தான். ஆனால் பெயரில்லாத அந்த ஆண்களுக்கு அப்பன், பாட்டன், பரம்பரை என்று நீளமாக ஒரு விலாசம் இருக்கிறது. பெயரில்லாத பெண்ணுக்கு அதுவும் இல்லை.

அண்ணாச்சி ஒருநாள் சிதறால் மலைக்கு ஏறிப் பார்க்கட்டும். மூட்டு வலி இருந்தால் மெதுவாக ஏறட்டும். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. அரட்டநேமி என்ற சமணத் துறவியின் மாணாக்கி, குணந்தாங்கி குரத்திகள், மலைமேல் இருந்த பகவதிக்குப் பொன் கொடுத்த செய்தி அது. யாருடைய மகள், யாருடைய பெண்டாட்டி என்ற விசாரணை அதில் இல்லை. யாரிடம் படித்தவள் என்று மட்டும் எழுதினார்கள். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால், இதே ஜில்லாவில். இன்றைக்கு அந்த அம்மாள் எழுந்து வந்து, ஊர்க் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுக்கட்டும். உபயம் எழுதுகிற பெயிண்டர் பிரஷ்ஷைச் சிவப்பில் முக்கி எடுத்துக்கொண்டு கேட்பான்:

"வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா, அத முதல்ல எழுதிருவோம்."