மரம் ஏறாத அட்மின்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் வழியெல்லாம் மின்கம்பங்களில் தகரத் தட்டிகள் தொங்கும். 'இங்கு மரம் வெட்டித் தரப்படும். தென்னை மரம் சுத்தம் செய்து தரப்படும்.' கீழே ஒரு செல் நம்பர். முன்பு அந்த நம்பரைக் கூப்பிட்டால், எடுப்பவர் மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவார். "சொல்லுங்க சார்... கேக்குது சார்... மரத்து மேல இருக்கேன், இறங்கிட்டுக் கூப்பிடவா?" அவர் இறங்குவதற்குள் நாம் அடுத்த கம்பத்து நம்பரைக் கூப்பிட்டிருப்போம். பிழைப்பு இப்படிக் கம்பத்துக்குக் கம்பம் கைமாறிப் போவதைப் பார்த்துத்தான் மரம் வெட்டுபவர் வீட்டில் ஒரு முடிவு எடுத்தார்கள். நம்பருக்குப் பக்கத்தில் பச்சை வாட்ஸ்அப் சின்னம் வந்தது. பேஸ்புக்கில் ஒரு பக்கம், இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு. இத்தனைக்கும் பின்னால் ஒருத்தி உட்கார்ந்தாள். அவள்தான் அட்மின்.

பெரும்பாலும் அவள் தொழில்காரரின் மகள்; மகள் இல்லாத வீட்டில் அண்ணன் மகள். பி.காம். முடித்திருப்பாள். மடியில் குரூப் 4 வழிகாட்டி விரிந்திருக்கும், அதன்மேல் போன் இருக்கும். பிறந்ததிலிருந்து ஒரு மரத்திலும் ஏறியதில்லை. ஆனால் படத்தைப் பார்த்ததும் இது உதியன், இது தூங்குமூஞ்சி என்று சொல்லிவிடுவாள். வீட்டுக்காரர் 'ஏதோ காட்டு மரம்' என்று அனுப்பியது பூவரசு என்று அவருக்கே சொல்லிக் கொடுப்பாள்.

வாடிக்கையாளர்கள் அவளைத் 'தம்பி' என்பார்கள். மரம் வெட்டுகிற தொழிலில் பெண் பதில் சொல்வாள் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அவளும் திருத்துவதில்லை. ஆரம்பத்தில் ஒருவரிடம் 'தம்பி இல்ல சார், நான் பொண்ணு' என்று சொல்லப்போக, மறுநாள் காலையிலிருந்து ரோஜாப்பூ போட்ட 'குட் மார்னிங்' படங்கள் வரத் தொடங்கின. மரத்தைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவே இல்லை. அன்றிலிருந்து அவள் தம்பிதான்.

விசாரணை பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்குமேல் 'ஹாய்' என்று தொடங்கும். பகலெல்லாம் மரத்தடியில் நிற்பவர்களுக்கு ராத்திரியில்தான் மரம் ஞாபகம் வரும் போலிருக்கிறது. போன் தானாகவே பதில் அனுப்பும்: 'வணக்கம். மரத்தின் படமும் வீடு இருக்கும் இடமும் அனுப்பவும்.' அதற்கு வரும் பதில் ஒற்றைச் சொல்: 'ரேட்?'

என்ன மரம் சார்? 'பெரிய மரம்.' எவ்வளவு பெரிசு சார்? 'நல்லா பெரிசு.' வீடு எங்க சார்? 'சென்னை.' சென்னையில எந்தப் பக்கம் சார்? 'முதல்ல ரேட் சொல்லுங்க, அப்புறம் ஏரியா சொல்றேன்.' இந்தக் கடைசிப் பதிலில் ஒரு ராஜதந்திரம் இருக்கிறது. ஏரியாவைச் சொன்னால் ஆளின் வசதியைக் கணக்குப் போட்டு ரேட்டை ஏற்றிவிடுவார்களாம். இப்படிப்பட்டவரிடமிருந்து, அவர் மனம் கோணாமல், ஒரு மரத்தை முழுசாக வெளியே வாங்குவதுதான் அட்மினின் கலை.

ரேட்டைத் தீர்மானிப்பதில் மரத்தைவிட மரத்துக்குக் கீழே இருப்பதற்குத்தான் பங்கு அதிகம். வெட்டவெளியில் நிற்கும் அறுபதடி மரத்தை அடியில் அறுத்து ஒரே சாய்ப்பாகச் சாய்த்துவிடலாம். முப்பதடி மரம்தான், ஆனால் இந்தப் பக்கம் கரன்ட் கம்பி, அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நடுவில் துளசி மாடம் என்றால் கிளை கிளையாகக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். மேலே ஒருவர் அறுக்க, கீழே இரண்டு பேர் கயிற்றைத் தளர்த்தித் தளர்த்தி விட, பொழுது சாய்ந்துவிடும். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்த வேண்டும். சந்துக்குள் குட்டியானை நுழையுமா என்று பார்க்க வேண்டும். தழையை யார் அள்ளுவது என்பது தனிக் கணக்கு. இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டால் அந்தப் பக்கம் சூடாகிவிடும். 'ஒரு மரம் வெட்ட இவ்வளவு கேள்வியா? பாஸ்போர்ட்டுக்கே இவ்வளவு கேக்கலை!'

இன்னொரு சாரார், ரேட் கேட்பதற்குப் பதிலாகத் தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பார்கள். 'மரத்தை நீங்களே எடுத்துக்குங்க. எங்களுக்கு எவ்வளவு குடுப்பீங்க?' தேக்கு, வேம்பு என்றால் பேசலாம். படத்தில் நிற்பதோ முருங்கை. அட்மின் 'இதுல விறகு அவ்வளவா தேறாது சார்' என்று நாசூக்காகச் சொல்வாள். 'அப்ப வேற ஆளைப் பாத்துக்குறேன்' என்று பதில் வரும். அந்த முருங்கைக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

படம் வாங்குவது தனிப் பாடு. மரத்துக்குப் பக்கத்தில் ஆள் நின்றால்தான் உயரம் பிடிபடும். அதனால் 'மரத்துகிட்ட யாராவது நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சார்' என்று கேட்பாள். ஒரு குடும்பம் இதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டது. எல்லோரும் தலை சீவி, பட்டுப்புடவை மாற்றி, பாட்டியை நாற்காலியில் நடுநாயகமாக உட்காரவைத்து, வரிசையாக நின்று எடுத்து அனுப்பினார்கள். மரம் யாரோ ஒரு சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் விரற்கடை அகலம் தெரிந்தது. அட்மின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, பாட்டியின் தலைக்கு மேலே தொங்கிய ஒரு காயை வைத்து 'வாதாமா சார்?' என்று கேட்டாள். வாதாம்தான்.

வாய்ஸ் மெசேஜ் அனுப்புபவர்கள் ஓய்வு பெற்றவர்கள். நாலு நிமிஷம் ஓடும். மனை வாங்கிய கதை, மாமனார் கன்று நட்ட கதை, அந்தக் காலத்தில் அந்த நகரில் நரி ஊளையிட்ட கதை எல்லாம் வரும். கடைசியில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பதும் சருகு கூட்ட ஆளில்லாததும் வரும். மரத்தின் பெயர் வருவதற்குள் வாய்ஸ் முடிந்துவிடும். அட்மின் முழுதும் கேட்பாள், இரண்டு மடங்கு வேகத்தில். இவர்களில் பலருக்கு மரத்தை எடுக்க மனசே கிடையாது; யாராவது வேண்டாம் என்று சொன்னால் போதும். 'ஐயா, காஞ்ச கிளையை மட்டும் எடுத்துடலாம்யா, மரம் இருக்கட்டும்' என்று அவள் எழுதியதும், அடுத்த நொடி கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழும். "வந்த வேலையை ஏம்மா விரட்டுறே?" என்று அப்பா கோபித்துக்கொள்வார். மரத்தை மிச்சம் வைத்த ஐயா வருஷா வருஷம் கிளை கழிக்கக் கூப்பிடுவார், அடியோடு எடுத்த வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வராது என்கிற கணக்கு பி.காம். படித்தவளுக்குத் தெரியும்.

மழலை மாறாத கேள்விகளும் வரும். 'காம்பவுண்ட் சுவர் விரிசல் விடுது. வேரை மட்டும் எடுத்துடுங்க, மரம் நிழலுக்கு அப்படியே இருக்கட்டும்.' அவள் பொறுமையாக எழுதுவாள்: 'சுவர்ப் பக்கம் வேரை எடுத்துட்டா, காத்தடிக்கும்போது மரம் எதிர்ப்பக்கம் சாஞ்சுடும் சார்.' 'எதிர்ப்பக்கம்னா?' 'உங்க ஹால் சார்.'

ஆனால் அட்மினின் முழு உயரமும் தெரிய வேண்டுமென்றால் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து விசாரணை வர வேண்டும். ஒருநாள் காலை ஒரு நம்பரிலிருந்து படம்: கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வேப்ப மரம். 'அடியோட எடுக்கணும். அசோசியேஷன்ல முடிவு பண்ணியாச்சு. எவ்வளவு ஆகும்?' சற்று நேரத்தில் இன்னொரு நம்பரிலிருந்து இன்னொரு வேப்ப மரம். 'இந்த மரத்தைக் காப்பாத்த என்ன செய்யணும்? உரம் வைக்கலாமா? யாராவது வந்து வெட்டச் சொன்னா வெட்டுவீங்களா?' முதல் படத்தில் மரத்துக்குப் பின்னால் மொட்டை மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் இறங்கியது. இரண்டாவது மாடி ஜன்னல் பக்கம் ஒழுகுகிற இடத்தில் நீலத் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். இரண்டாவது படத்திலும் அதே குழாய், அதே நீலத் துணி. பின்னால் விசாரித்ததில், செயலாளருக்குக் கார் மேல் விழும் காக்கை எச்சம் பிரச்சினை என்றும், பொருளாளருக்குச் செயலாளரே பிரச்சினை என்றும் தெரிந்தது. அது தெரிவதற்கு முன்பே அட்மின் இருவருக்கும் ஒரே பதிலை அனுப்பிவிட்டாள்: 'வேலைக்கு முன்னாடி அசோசியேஷன் தீர்மானம், எல்லார் கையெழுத்தோட ஒரு காப்பி வேணும் சார்.' இரண்டு பக்கமும் நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. சில நாள் கழித்து மூன்றாவது நம்பர் ஒன்று கேட்டது: 'கார் பக்கம் நீட்டியிருக்கிற கிளையை மட்டும் எடுத்தா எவ்வளவு?' அதற்குத் தீர்மானம் கையெழுத்தோடு வந்தது. ஐ.நா. சபைக்கு இவளைப் பரிந்துரைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அவளோ விஏஓ வேலை கிடைத்தால் போதும் என்கிறாள்.

தெருவில் நிற்கும் மரத்துக்கு விலை பேச வருகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். 'போர்டை மறைக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா போதும், யாரும் பாக்க மாட்டாங்க.' அட்மின் எழுதுவாள்: 'அது மாநகராட்சி மரம் சார். பசுமைக் குழு அனுமதி இல்லாம கை வைக்க முடியாது.' உடனே அவர் தம் செய்தியை அழித்துவிடுவார். அட்மின் அதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பாள்.

அக்டோபர் பிறந்து வானிலை மையம் முதல் ஆரஞ்சு அலர்ட் கொடுத்ததும் போன் சூடாகத் தொடங்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துப் போட்டது இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. 'அர்ஜென்ட்! மரம் ஆடுது!' என்று வீடியோ வரும். காற்றில் மரம் ஆடாமல் வேறென்ன செய்யும் என்று டைப் செய்வாள், அழிப்பாள், 'அடியில மண்ணு வெடிச்சிருக்கா சார்? வேர் தூக்கியிருக்கா?' என்று கேட்பாள். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மேலே கிளை ஆடுவது மரத்தின் இயல்பு. கீழே மண்ணோடு சேர்ந்து அடிமரம் ஏறி இறங்கினால்தான் ஆபத்து. 'எதுக்கு வம்பு, மொட்டை அடிச்சிடுங்க' என்பார் வீட்டுக்காரர். மொட்டை அடித்த இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்கு மரத்தோடு உறுதியான பிடிப்பு இருக்காது; பின்னால் வரும் புயலில் அவைதான் முதலில் முறியும். இதை அவள் எத்தனை பேருக்கு எழுதியிருப்பாள் என்று கணக்கில்லை. மழை பெய்யும்போது 'எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, இன்னைக்கே வாங்க' என்றவர், வெயில் அடித்ததும் 'லாஸ்ட் எவ்வளவு?' என்பார்.

தென்னைக்காரர்களின் கவலை வேறு. 'ஓலையை யாரோ கத்திரியால முக்கோணமா வெட்டுன மாதிரி இருக்கு. செய்வினையா இருக்குமோ?' செய்வினை செய்தது காண்டாமிருக வண்டு. விரியாத குருத்தைத் துளைத்துவிட்டுப் போயிருக்கும். விரிந்த பிறகுதான் வெட்டு தெரியும். அவள் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வழியை அனுப்புவாள்: வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, கலந்து மரத்துக்கு 150 கிராம், உள்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் வைக்க வேண்டும். 'இதை யாரு மேல ஏறி வைக்கிறது?' என்று பதில் வரும். 'அதுக்குத்தான் சார் நாங்க இருக்கோம்.' மாதத்தில் சில வேலைகள் இப்படியே சிக்கும்.

இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுவதும் இவள்தான். உச்சியில் அண்ணன் ஒருவர் ரம்பத்தோடு நிற்க, பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடும். கீழே 'மரத்தை வெட்டுறீங்களே, நீங்கள்லாம் மனுஷங்களா?' என்று ஒருவர் பொங்கியிருப்பார். அவருடைய முகப்புப் படத்தைத் தொட்டுப் பார்த்தால், புது வீட்டுத் தேக்குக் கதவுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்பார்.

கூகுளில் வந்த ஒரு மதிப்புரையை அவள் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். 'வேலை சுத்தம். பசங்க மரியாதையா நடந்துக்கிட்டாங்க. ஆனா மரத்தை எடுத்ததிலேருந்து ஹால்ல வெயில் அடிக்குது. ஒரு ஸ்டார்.' அப்பா கொதித்தார். அட்மின் பதில் எழுதினாள்: 'உங்கள் கருத்துக்கு நன்றி சார். கன்று நட்டுத் தரவும் எங்களை அணுகலாம்.'

இவ்வளவுக்கும் அவளுக்குச் சம்பளம் கிடையாது. அப்பா ரீசார்ஜ் பண்ணிவிடுவார், அவ்வளவுதான். உறவினர்கள் வந்தால் "பாப்பா நாள் பூரா போன்லயே இருக்கு" என்று குறையும் சொல்வார். அவர் மாத வருமானத்தில் பாதி அந்தப் போன் வழியாகத்தான் வருகிறது என்பதை யாராவது அவரிடம் எடுத்துச் சொன்னால் தேவலை.

உங்கள் வீட்டிலும் மரம் இருந்தால், புயல் எச்சரிக்கைக்குக் காத்திராமல் செப்டம்பரிலேயே எழுதிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் அடி முதல் நுனி வரை ஒரு படம், அடிமரம் மட்டும் ஒரு படம்; கரன்ட் கம்பியும் பக்கத்து வீட்டுக் கூரையும் மறைய வேண்டாம். பக்கத்தில் ஒரே ஒரு ஆள் நின்றால் போதும், பாட்டியைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஏரியாவை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரேட்டை மரத்தை நேரில் பார்த்துத்தான் சொல்வார்கள், அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.