கணக்கு நேராயிருமுங்க!

ஞாயிறு காலை மருதமலை அடிவாரம் வரை சைக்கிள் மிதித்துவிட்டு வடவள்ளிப் பக்கம் பேக்கரியில் இறங்கும் நம்மாட்கள், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே சிகரெட்டைப் பற்றவைத்துவிடுகிறார்கள். இன்னொரு கையில் டீ. வெஜ் பப்ஸ் பின்னால் வரும்.

“ஏனுங்ணா, சைக்கிளும் மிதிச்சுப்போட்டு இதையுமா?”

“அதுக்குத்தானுங் தம்பி மிதிக்கறதே. கணக்கு நேராயிருமுங்க.”

ஆகாதுங்க. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் பழி மட்டும் கியர்மேல். சைக்கிளில் நூறு கிராம் குறைக்க ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவருக்குச் சட்டைப்பை சிகரெட் பாக்கெட் மட்டும் கனப்பதேயில்லை!

சிகரெட்டை நிறுத்திய சுமார் 12 மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் இயல்பு அளவுக்கு இறங்கிவிடும். பொது இடத்தில் ஊதினால் 200 ரூபாய் வரை அபராதம். விடுவதற்கு வழி கேட்க 1800-11-2356 எண்ணை அழைத்தால் காசே இல்லை.